பெட்டி எவ்வளவு வளரும்?

போன இதழில் ரேக்குகளைப் பற்றி எழுதும்போது, "ஏடிசிஏ பெட்டிகளோடு பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் நான்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. ஹார்டுவேர் சோதனைக்கூடத்தில் ஆயுளைக் கழித்தவனிடம் பங்குச்சந்தைக் கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். சரி, கேட்டது கேட்டாகிவிட்டது.

கே: ஏடிசிஏ என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன? தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு ஏன் தனியாக ஒரு சேஸிஸ் தரம்? நல்ல சர்வர் ஒன்றை வாங்கி ரேக்கில் மாட்டினால் போதாதா?
– கணினிப் பொறியியல் மாணவி

ப: ஏடிசிஏ என்பது தொலைத்தொடர்புக் கருவிகளின் மின்னணுக் கார்டுகளைச் செருகும் பெட்டிக்கான (அதாவது சேஸிஸுக்கான) பொதுத்தரம். சர்வர் போதாது என்றுதான் நாங்கள் நம்பினோம். பின்னால் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தொலைபேசி வலைப்பின்னலில் "ஐந்து ஒன்பது" என்று ஒரு பேச்சு உண்டு. 99.999 சதவீத நேரம் கருவி வேலை செய்ய வேண்டும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 5 நிமிடம் 15 விநாடி மட்டும் நிற்கலாம். பழுதான கார்டை மாற்றும் நேரம், புது மென்பொருள் ஏற்றும் நேரம் எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். அதனால் எதை எடுத்தாலும் இரண்டு: மின்சாரம் வரும் வழி இரண்டு, சுவிட்ச் கார்டு இரண்டு, மேற்பார்வை பார்க்கும் ஷெல்ஃப் மேனேஜர் இரண்டு. ஒன்று செத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். செத்ததை, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்தே உருவ வேண்டும். நிலநடுக்கத்தில் ரேக் குலுங்கினாலும் கார்டு கழலக் கூடாது. தீப்பிடித்தால் பரவக் கூடாது.

முன்பு இதையெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தானே செய்துகொண்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் குழுவில் பதினோரு பேர். தகடு வளைப்பவர், காற்றோட்டம் கணக்கிடுபவர், பேக்பிளேன் (கார்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பின்பலகை) வரைபவர், மின்சாரம் பார்ப்பவர் என்று ஆளுக்கொரு வேலை. பதினான்கு மாதம் உழைத்து ஒரு பெட்டி செய்தோம். அதே கட்டடத்தில் மேல்மாடியில் இன்னொரு குழு, வேறொரு கருவிக்காக, அளவு மட்டும் மாறிய இன்னொரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தது. எங்கள் கார்டு அவர்கள் பெட்டிக்குள் நுழையாது. அவர்கள் ஃபேன் எங்கள் பெட்டியில் பொருந்தாது. வாங்குபவர் யாரும் பெட்டியின் அழகைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை; அது செய்யும் வேலைக்குத்தான் கொடுக்கிறார்.

2000, 2001-இல் தொலைத்தொடர்புத் துறை குப்புற விழுந்தது. ஆராய்ச்சிக்கான பணத்தை எல்லோரும் வெட்டினார்கள். பெட்டி செய்ய இத்தனை பேர் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. பிக்மிக் என்ற தொழில் கூட்டமைப்பு 1994-இலிருந்தே இருந்தது. காம்பேக்ட் பிசிஐ என்ற சிறிய கார்டு தரத்தை ஏற்கெனவே கொண்டுவந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உட்கார்ந்து பேசி, 2002 டிசம்பரில் பிக்மிக் 3.0 என்ற தரத்தை நிறைவேற்றின. அதுதான் அட்வான்ஸ்டு டிசிஏ; விரித்தால் அட்வான்ஸ்டு டெலிகம்யூனிகேஷன்ஸ் கம்ப்யூட்டிங் ஆர்கிடெக்சர். ஏடிசிஏ என்பது அதன் சுருக்கம்.

கார்டின் உயரம் 322.25 மில்லிமீட்டர், ஆழம் 280 மில்லிமீட்டர். காம்பேக்ட் பிசிஐயின் 6யு (யு என்பது ரேக் உயரத்தின் அலகு) கார்டோடு ஒப்பிட்டால் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கார்டுக்குக் கார்டு இடைவெளி 30.48 மில்லிமீட்டர். 19 அங்குல ரேக்கில் 14 கார்டு நிற்கும். 600 மில்லிமீட்டர் சட்டத்தில் 16. பின்பக்கம் கார்டு சேரும் இடத்தை மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள். அடியில் மின்சாரமும் மேற்பார்வைக் கம்பிகளும். நடுவில் தரவு ஓடும் பாதை. மேல் மண்டலத்தை மட்டும் "உங்கள் இஷ்டம்" என்று கார்டு செய்பவருக்கே விட்டுவிட்டார்கள். எதைப் பொதுவாக்குவது, எதை விட்டுவைப்பது என்ற அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த நீல விளக்கு. ஒவ்வொரு கார்டின் முகப்பிலும் ஒன்று இருக்கும். கைப்பிடியைத் திறந்தால் கார்டு உடனே அணையாது. "என்னை எடுக்கப் பார்க்கிறார்கள்" என்று ஷெல்ஃப் மேனேஜரிடம் சொல்லும். விளக்கு சிமிட்டும். வேலையை வேறு கார்டுக்கு மாற்றி, மின்சாரத்தை இறக்கி, எல்லாம் முடிந்த பிறகு விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும். அப்போதுதான் உருவலாம். என் சக ஊழியர் ஒருவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. சிமிட்டும்போதே இழுத்துவிடுவார். அவர் இழுத்த ஒரு கார்டால் எங்கள் சோதனை ஓட்டம் 61 மணி நேரத்தில் அறுந்தது. 72 மணி நேரம் ஓட வேண்டிய சோதனை அது. முதலிலிருந்து தொடங்கினோம்.

கே: தொலைத்தொடர்புக் கருவிகளில் மின்சாரம் ஏன் மைனஸ் 48 வோல்ட்? மைனஸ் எதற்கு?
– மின்பணியாளர் ஒருவர்

ப: பேட்டரிக் காலத்துச் சொத்து. ஈய-அமில செல் ஒன்று சுமார் 2 வோல்ட். 24 செல்லை வரிசையாகக் கோத்தால் 48. தொட்டால் உயிருக்கு ஆபத்தில்லாத அளவு, அதே சமயம் நீண்ட கம்பியில் ஓடவும் போதுமான அளவு. மைனஸ் என்பது தாமிரத்தைக் காப்பாற்ற. நேர்முனையைத் தரையோடு இணைத்துவிட்டால் மண்ணுக்குள் போகும் கம்பி தரையைவிட எதிர்மறையாக இருக்கும். ஈரத்தில் மின்னரிப்பு நடந்தாலும் கம்பி கரையாது. மாற்றிப் போட்டால் கம்பிதான் கரைந்து போகும்.

கார்டுக்கு 200 வாட் என்று ஆரம்பித்த ஏடிசிஏ பிறகு 400 வாட் பக்கம் போனது. 14 கார்டும் 400 வாட் இழுத்தால் 5,600 வாட். 48-ஆல் வகுத்துப் பாருங்கள்: 117 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. அதற்கான கேபிளை வளைத்து மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தோள்பட்டை வலி என்றால் என்னவென்று.

கே: தொலைத்தொடர்புக்கான பொதுத்தர சேஸிஸ் சந்தை ஆண்டுக்கு இரட்டை இலக்க வேகத்தில் வளரும் என்று ஓர் ஆய்வு அறிக்கையின் சுருக்கம் படித்தேன். முழு அறிக்கையின் விலை மலைக்க வைக்கிறது. நம்பலாமா? இந்தத் துறைப் பங்குகளில் பணம் போடலாமா?
– முதலீட்டில் ஆர்வமுள்ள வாசகர்

ப: பங்கு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என் சேமிப்பைப் பார்த்தால் நீங்களே கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள். ஆனால் இந்த மாதிரி அறிக்கைகளை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். எங்கள் விற்பனைப் பிரிவு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டும். இடது மூலையில் தாழ்வாகத் தொடங்கி வலது மூலையில் கூரையைத் தொடும் பட்டைகள். அடுத்த ஜனவரியிலும் அதே வடிவம்தான். கீழே எழுதியிருக்கும் வருடங்கள் மட்டும் ஒன்று நகர்ந்திருக்கும்.

பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எதை எண்ணுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். "சேஸிஸ் சந்தை" என்றால் காலிப் பெட்டியா? தகடு, பேக்பிளேன், ஃபேன், மின்நுழைவு, ஷெல்ஃப் மேனேஜர் அவ்வளவுதானா? அல்லது உள்ளே செருகும் பிராசசர் கார்டு, சுவிட்ச் கார்டு எல்லாம் சேர்த்தா? அதன்மேல் ஓடும் மென்பொருளும் சேர்த்தா? ஒரே ரேக்கை இந்த மூன்று விதமாகவும் எண்ணலாம். காலிப் பெட்டி அந்த மொத்தத்தில் சின்னத் துண்டு. சுருக்கத்தில் "சேஸிஸ்" என்று போட்டுவிட்டு, உள்ளே கார்டின் பணத்தையும் சேர்த்த அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, யார் விற்றது. பெரிய கருவி நிறுவனங்கள் பல, தரத்தை ஏற்றுக்கொண்டு, பெட்டியையும் கார்டையும் தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்டன. அவை வெளிச்சந்தையில் யாருக்கும் விற்கப்படவில்லை. அவற்றையும் கணக்கில் எடுத்தால் சந்தை பெரிதாகத் தெரியும். ஆனால் பெட்டி விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இன்னொரு பக்கம், கார்டு செய்தவர் கருவி நிறுவனத்துக்கு விற்றது ஒருமுறை, கருவி நிறுவனம் வலைப்பின்னல் நடத்துபவருக்கு விற்றது இன்னொருமுறை என ஒரே கார்டு இரண்டு இடத்தில் எண்ணப்படுவதும் உண்டு. அறிக்கையின் முதல் பத்துப் பக்கத்தில் இதற்குப் பதில் இல்லையென்றால் மிச்சப் பக்கங்களைப் படிக்க வேண்டாம்.

சதவீதத்தையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் ஐந்து வருடத்தில் இரண்டரை மடங்கு. 40 பெட்டி விற்றவர் 100 பெட்டி விற்றாலும் அதே இரண்டரை மடங்குதான். காதுக்கு நன்றாக இருக்கும். லாரியில் ஏற்றினால் ஒரு நடைகூட நிறையாது.

இதெல்லாம் கணக்கு வாத்தியார் வேலை. எனக்குத் தோன்றும் பெரிய விஷயம் வேறு. பொதுத்தர சேஸிஸ் நன்றாகச் செய்யப்பட்டால் அதை மறுபடி வாங்க வேண்டியதில்லை. அதற்காகத்தானே தரமே கொண்டுவந்தார்கள்! பெட்டி பத்துப் பதினைந்து வருடம் ரேக்கில் நிற்கும். கார்டு மட்டும் மாறும். பேக்பிளேனில் பெரும்பாலும் செம்புத் தடங்களும் இணைப்பிகளும் தவிர ஒன்றும் இருக்காது. கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? எங்கள் சரக்கிறக்கும் மேடையில் நான் பார்த்ததும் இதுதான். முதல் இரண்டு வருடம் பெட்டிகளாக வந்தன. அதற்குப் பிறகு அட்டைப்பெட்டியில் கார்டுகளே வந்துகொண்டிருந்தன. எப்போதாவது ஒரு சேஸிஸ் வந்தால் எல்லோரும் எட்டிப் பார்ப்போம்.

இதற்கு விதிவிலக்கு, தரவு வேகம் தாவிய காலம். ஆரம்பத்தில் பேக்பிளேன் வழியாக ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு 10 கிகாபிட். பிறகு 40 கிகாபிட் தேவைப்பட்டது. பழைய பேக்பிளேனின் தடங்கள் அதைத் தாங்காது, புதுப் பெட்டி வேண்டும். 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் எல்டிஇ சேவை தொடங்கிய பிறகு உலகம் முழுக்க நான்காம் தலைமுறை வலைப்பின்னல்கள் கட்டப்பட்டன. அந்த வருடங்களில் ஏடிசிஏவுக்கு உண்மையாகவே நல்ல காலம். நோக்கியா சீமென்ஸ் நெட்வொர்க்ஸின் ஃபிளெக்ஸி என்எஸ் போன்ற மையக் கருவிகள் இந்தத் தரத்தின் மேல்தான் நின்றன. ஆக, வளர்ச்சி வழுவழுப்பான மேட்டில் ஏறவில்லை. படிக்கட்டு மாதிரி ஒரு தாவல், பிறகு நீண்ட சமதளம். அறிக்கைக்காரர்கள் ஒரு படியில் நின்றுகொண்டு சாய்வைக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கார்டுகளின் மூலையில் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரைக் கவனித்துக்கொண்டே வந்தவன் நான். ஃபோர்ஸ் கம்ப்யூட்டர்ஸ் என்ற நிறுவனத்தை 2004-இல் மோட்டரோலா வாங்கியது. மோட்டரோலா அந்தப் பிரிவை எமர்சனுக்கு விற்கப்போவதாக 2007-இல் அறிவித்தது. எமர்சனிடமிருந்து அது ஆர்டெசின் என்ற பெயரில் பிரிந்தது. 2019-இல் ஸ்மார்ட் குளோபல் கைக்குப் போனது. அதே 2007-இல் இன்டெல் தன் தொலைத்தொடர்புப் பலகைப் பிரிவை ராடிசிஸிடம் ஒப்படைத்தது. ராடிசிஸை 2018-இல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வாங்கியது. சுவரில் பட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் இவ்வளவும் நடந்தது. விற்றவர்களுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் மாடு நன்றாகக் கறந்தால் சந்தைக்கு ஓட்டிப்போவார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கே: நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறிய வடிவமைப்புக் குழு. ஒரு வாடிக்கையாளர் புதிய ஏடிசிஏ கார்டு கேட்கிறார். இன்னொருவர் மைக்ரோடிசிஏ பற்றி விசாரிக்கிறார். இந்தக் காலத்தில் இதில் இறங்கலாமா?
– கார்டு வடிவமைப்பாளர்

ப: முதலாமவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இது புது நிலையத்துக்கா, நின்றுகொண்டிருக்கும் பெட்டியில் செருகவா? புது நிலையத்துக்கு என்றால் அவரை இன்னொருமுறை யோசிக்கச் சொல்லுங்கள். நிற்கும் பெட்டிக்கு என்றால் தாராளமாக இறங்கலாம். பழைய கார்டின் சிப் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், கடைசிக் கொள்முதலில் வாங்கிவைத்ததும் தீர்ந்துவிட்டது, ஆனால் வலைப்பின்னலை இன்னும் சில வருடம் ஓட்டியாக வேண்டும் என்று இருப்பவர்கள் நிறைய. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் விலையில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். அறிக்கைகளில் இந்தச் சந்தை வராது. சரிந்துகொண்டிருக்கும் கோட்டை அட்டைப்படத்தில் போட யாருக்கு ஆசை?

ஒரு எச்சரிக்கை. "தரத்துக்கு ஒத்துப்போகிறது" என்பதும் "இன்னொருவர் பெட்டியில் வேலை செய்கிறது" என்பதும் ஒன்றல்ல. தரம் தரவுப் பாதைக்கு ஈத்தர்நெட், இன்ஃபினிபேண்ட், ஸ்டார்ஃபேப்ரிக், பிசிஐ எக்ஸ்பிரஸ், ராபிட் ஐஓ என்று பல வழிகளைத் திறந்துவிட்டது. எல்லோரையும் திருப்திப்படுத்தப் போட்ட விருந்து. நடைமுறையில் ஈத்தர்நெட் மட்டும் பந்தியில் நின்றது. ஆனால் முதல் சில வருடங்களுக்கு அந்தக் குழப்பம் எங்கள் தலையில் விழுந்தது. கார்டு செருகியதும் "எனக்கு இந்தப் பாதை தெரியும்" என்று அது ஷெல்ஃப் மேனேஜரிடம் அறிவிக்கும். எதிர்முனைக் கார்டும் அதையே சொன்னால்தான் இணைப்பைத் திறப்பார்கள். மின்னணுச் சாவி என்று பெயர். ஒருமுறை இரண்டு நிறுவனத்துக் கார்டுகள், இரண்டும் ஈத்தர்நெட், இரண்டும் சான்றிதழ் பெற்றவை, ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. மூன்று நாள் தேடினோம். ஒரு கார்டின் அறிவிப்புப் பட்டியலில் ஒரு பைட் தவறு. கம்பி, சிப், மென்பொருள் எல்லாம் சரி; தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டதுதான் பிழை. இப்படிப்பட்ட தலைவலிகளுக்காகவே 2006-இல் சிபி-டிஏ என்று ஒரு தனிக் கூட்டமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் கார்டை வாடிக்கையாளரின் பெட்டியிலேயே, அவருடைய ஷெல்ஃப் மேனேஜரின் அதே பதிப்போடு சோதிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மைக்ரோடிசிஏ கேட்டவரைத்தான் நான் அதிகம் மதிப்பேன். ஏடிசிஏ கார்டின் மேல் செருகும் சிறு கார்டுகளுக்கு ஏஎம்சி என்ற தரம் 2005-இல் வந்தது. பெரிய கார்டே வேண்டாம், இந்தச் சிறு கார்டுகளை நேராகப் பேக்பிளேனில் செருகலாமே என்று 2006-இல் மைக்ரோடிசிஏ பிறந்தது. சிறிய தொலைத்தொடர்பு நிலையங்களுக்கு என்று நினைத்துச் செய்தார்கள். அங்கே அது எதிர்பார்த்த மாதிரி பரவவில்லை. ஆனால் துகள் இயற்பியல் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்! 2011-இல் அவர்களுக்கென்றே மைக்ரோடிசிஏ.4 என்ற பிரிவு வந்தது. ஹாம்பர்க் பக்கம் டெசி ஆய்வு மையம் அதில் முன்னணி. 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் எக்ஸ்கதிர் லேசர் 2017-இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் கட்டுப்பாட்டு மின்னணுவியல் மைக்ரோடிசிஏ.4 பெட்டிகளில்தான் இருக்கிறது. செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ், அட்லஸ் சோதனைகளின் அடுத்த கட்ட மேம்பாட்டுக்கு ஏடிசிஏ கார்டுகள் செய்கிறார்கள். தொலைபேசிக்காக வளர்த்த பிள்ளை துகள்முடுக்கியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. அந்த வாடிக்கையாளர்களுக்குப் பொறுமை அதிகம். கருவி இருபது வருடம் ஓட வேண்டும் என்பார்கள், பாதியில் வேறு தரத்துக்குத் தாவ மாட்டார்கள். நான்கு பேர் குழுவுக்கு அது போதும்.

கே: எல்லாமே கிளவுடுக்குப் போய்விட்டது. இன்னும் சேஸிஸ், பேக்பிளேன் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே?
– மென்பொருள்காரர்

ப: உங்கள் கிளவுடும் ஏதோ ஒரு ரேக்கில்தான் படுத்திருக்கிறது தம்பி. ஆனாலும் நீங்கள் குத்தியது சரியான இடத்தில்தான்.

2012 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் நடந்த ஒரு மாநாட்டில், 13 வலைப்பின்னல் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டன. ஏடி அண்ட் டி, பிடி, டாய்ச்ச டெலிகாம், டெலிஃபோனிகா, சைனா மொபைல் எல்லாம் அதில் உண்டு. சாராம்சம் இதுதான்: வேலைக்கு ஒரு தனிக் கருவி வாங்கி அலுத்துவிட்டது, அதையெல்லாம் மென்பொருளாகக் கொடுங்கள், சாதாரண சர்வரில் ஓட்டிக்கொள்கிறோம். என்எஃப்வி என்று பெயர். நகலெடுத்து வந்த என் மேலாளர் அதை மேசைமேல் போட்டுவிட்டு, "நம்ம ஏடிசிஏவும் பொதுத்தரம்தானே, நம்மைச் சொல்லலையே?" என்றார். எங்களையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். எங்களுக்குப் பொதுத்தரமாகத் தெரிந்தது அவர்களுக்கு இன்னொரு தனிக் கருவியாகத் தெரிந்தது. எத்தனை நிறுவனம் கையெழுத்துப் போட்டால் என்ன, உலகம் முழுக்க விற்கும் சர்வரின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எங்கள் எண்ணிக்கை வரவே முடியாது. எண்ணிக்கை இல்லாத பொதுத்தரம் விலையைக் குறைக்காது.

சர்வரால் அந்த வேலை முடிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. பாக்கெட்டுகளைப் பிரித்து அனுப்பும் வேலைக்கு முன்பு தனி நெட்வொர்க் பிராசசர் தேவைப்பட்டது. டிபிடிகே என்ற மென்பொருள் நூலகம் வந்த பிறகு, இயக்க முறைமையின் மையப்பகுதியைச் சுற்றிக்கொண்டு, சாதாரண பிராசசரே அதைச் செய்தது. எங்கள் கூடத்தில் முதன்முதலாக ஓட்டிக் காட்டியபோது யாரும் கைதட்டவில்லை. மௌனமாகக் காபி குடிக்கப் போனார்கள். மாணவியின் கேள்விக்கு நான் பாக்கி வைத்த கதை இதுதான். ஐந்து ஒன்பதை இப்போது பெட்டியில் தேடுவதில்லை. ஒரு சர்வர் செத்தால் மென்பொருள் பக்கத்துச் சர்வரில் எழுந்துகொள்ளும்.

சரி, அப்படியானால் சேஸிஸ் ஒழிந்ததா? அங்கேதான் வேடிக்கை. சர்வர் கையாள முடியாத வேகம் இன்னும் இருக்கிறது: முதுகெலும்புப் பாதையில் நிற்கும் பெரிய ரவுட்டர்கள். அவை இன்றைக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில்தான் பெரும்பாலும் வருகின்றன. 2019-இல் ஏடி அண்ட் டி ஒரு வடிவமைப்பை ஓப்பன் கம்ப்யூட் அமைப்புக்குக் கொடுத்தது. ஃபேஸ்புக் 2011-இல் தொடங்கிவைத்த அமைப்பு அது. ஏடி அண்ட் டி கொடுத்ததில் சேஸிஸே கிடையாது. உள்ளே இருந்த ஒவ்வொரு கார்டும் தனித்தனிப் பெட்டியாக ரேக்கில் நிற்கும்; பேக்பிளேன் இருந்த இடத்தில் கேபிள். சின்ன அமைப்பு ஒரே பெட்டி. ஆகப் பெரியதில் வெளியிணைப்புப் பெட்டி 48, நடுவில் சேர்த்துவைக்கும் பெட்டி 13. மொத்தம் விநாடிக்கு 192 டெராபிட். ஒவ்வொரு வெளியிணைப்புப் பெட்டியும் அந்தப் பதின்மூன்றோடும் பேச வேண்டும். 48-ஐ 13-ஆல் பெருக்கினால் 624 கேபிள். பேக்பிளேனில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிய தடங்கள் எல்லாம் இப்போது ரேக்கின் பின்னால் தொங்குகின்றன. இடத்தைப் பொறுத்து வளர்த்துக்கொள்ளலாம், ஒரு நிறுவனத்தின் பிடியில் சிக்க வேண்டாம் என்பது பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. அந்த 624-இல் 411-ஆவது கேபிள் தப்பான துளையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகும் ஆளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இதைச் சந்தை அறிக்கைகள் எந்தத் தலைப்பில் எண்ணும் என்று பாருங்கள். சேஸிஸ் குறைந்தது என்றும் எழுதலாம், "பிரிக்கப்பட்ட சேஸிஸ்" வளர்ந்தது என்றும் எழுதலாம். இரண்டாவது தலைப்பில்தான் எழுதுவார்கள்.

கே: யு என்றால் என்ன? 1யு, 2யு என்கிறார்கள்.
– கடை நடத்துபவர்

ப: ரேக்கில் உயரத்தின் அலகு. ஒரு யு என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். 13யு உயர ஏடிசிஏ பெட்டி என்றால் அரை மீட்டருக்கும் மேல்.

கே: எங்கள் அலுவலகக் கிடங்கில் பழைய 14 ஸ்லாட் பெட்டி ஒன்று கிடக்கிறது. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– பயிற்சிப் பொறியாளர்

ப: தூக்குவதற்கு முன் எல்லாக் கார்டையும், ஃபேன் தட்டுகளையும் உருவிவிடுங்கள். அப்புறமும் இரண்டு பேர் வேண்டும். கார்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் உலோகச் சுருள் பட்டை விரலை அறுக்கும். என் இடது ஆள்காட்டி விரல் சாட்சி. கார்டு செருகுவதற்கு முன் டார்ச் அடித்து பேக்பிளேனின் ஊசிகளைப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் அந்த ஸ்லாட்டில் எதையும் செருகாதீர்கள். செருகினால் கார்டின் இணைப்பியும் போய்விடும். பிறகு அந்தக் கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டால் அங்கேயும் ஊசியை வளைக்கும். தொற்றுநோய் மாதிரி. எங்கள் கூடத்தில் ஒரே வாரத்தில் மூன்று ஸ்லாட் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சாரம் கொடுத்ததும் ஃபேன்கள் முழு வேகத்தில் அலறும். பயப்படாதீர்கள். ஷெல்ஃப் மேனேஜர் எழுந்து பொறுப்பேற்றால் அடங்கும். அடங்கவே இல்லையென்றால் ஷெல்ஃப் மேனேஜர் எழவில்லை என்று அர்த்தம், முதலில் அதைப் பாருங்கள்.

காலி ஸ்லாட்களை மூடாமல் விடாதீர்கள். காற்று கீழிருந்து மேலே போகிறது. திறந்த ஸ்லாட் கிடைத்தால் எல்லாம் அந்த வழியாகவே ஓடிவிடும், கார்டு இருக்கும் ஸ்லாட்டுக்குப் போகாது. ஒரு சமயம் எங்கள் கார்டு ஒன்று மதியம் இரண்டு மணிக்கு மேல் சூடேறி அணைந்துகொண்டே இருந்தது. வெப்பத் தகட்டைக் கழற்றிப் பசை மாற்றினோம், ஃபேன் மாற்றினோம், மென்பொருளில் வெப்ப வரம்பையும் சந்தேகப்பட்டோம். இரண்டாம் நாள் மாலை, துப்புரவுக்கு வந்தவர்தான், "பக்கத்துல ஓட்டையா இருக்கே, மூடியைக் கழற்றி ஜன்னல்ல வெச்சிருக்கீங்களே" என்றார். இரண்டு ஃபில்லர் பேனல்கள் ஜன்னல் திட்டில், மேலே ஒரு தேநீர்க் கோப்பையோடு இருந்தன.